எண்ணெயும் வினிகரும்: சாலட் டிரெஸ்ஸிங்கை வரிசை தப்பாமல் செய்வது எப்படி

பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து மண்டபத்தில் ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேருக்குச் சமையல் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள், டாக்டர் 'பச்சையாகக் காய்கறி சாப்பிடுங்கள்' என்று சொல்லி அனுப்பியவர்கள். சாலட் டிரெஸ்ஸிங் செய்யச் சொன்னால் ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள்: கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அதில் உப்பைப் போட்டு, மேலே வினிகரை விட்டு, இரண்டு சுற்றுக் கலக்கி, தண்ணீர் சொட்டும் இலைமேல் கவிழ்ப்பது. பொருளில் ஒரு குறையும் இல்லை. வரிசைதான் தலைகீழ்.

கீழே உள்ளது நான்கு பேருக்கான அளவு. எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, தேன் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. இது சுமார் 200 கிராம் இலைக்குப் போதும்.

1. கையருகே எடுத்து வைக்க வேண்டியவை

இறுக்கமாக மூடும் கண்ணாடி ஜாம் பாட்டில் ஒன்று, 15 மில்லி, 5 மில்லி அளவுக் கரண்டிகள், அகலமான பாத்திரம் ஒன்று, சுத்தமான பருத்தித் துண்டு இரண்டு.

அளவுக் கரண்டி என்றாலே 'அதெல்லாம் எதுக்கு, கண்ணளவு போதும்லா' என்று ஓர் அக்கா கட்டாயம் சொல்வார். ஒரு வாரம் எல்லாரையும் வீட்டிலிருந்து அவரவர் கரண்டியைக் கொண்டு வரச் சொல்லித் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தோம். ஒன்று 9 மில்லி பிடித்தது. இன்னொன்று, சூப் குடிக்கிற பீங்கான் கரண்டி, 20 மில்லி. இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் அதுநாள்வரை 'ஒரு கரண்டி எண்ணெய்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணெயில் அந்த 11 மில்லி வித்தியாசம் கிட்டத்தட்ட 90 கலோரி.

அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். வினிகரின் அமிலம் அதை அரித்து, ருசியில் ஓர் உலோக வாடையை இறக்கிவிடும்.

2. எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது

சூடாக்காத எண்ணெய் என்பதால் அதன் வாசனை அப்படியே நாக்குக்கு வரும். பொரித்து மிஞ்சிய எண்ணெய், அடுப்புப் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்ற எண்ணெய் இரண்டும் இங்கே ஒளிய முடியாது. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய வேர்க்கடலை மாதிரியோ மெழுகு வண்ணப் பென்சில் மாதிரியோ வாடை வந்தால் அது சிக்குப் பிடித்த எண்ணெய். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும்தான் எண்ணெயைக் கெடுக்கும், நம் ஊர் சமையலறையில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. சின்னப் பாட்டிலாக வாங்கி அலமாரிக்குள் வையுங்கள்.

ஆலிவ் எண்ணெய் வாங்க முடிந்தால் நல்லது. அதில் பெரும்பகுதி ஓலிக் அமிலம் என்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் லிட்டில் இந்தியாக் கடைகளில் கிடைக்கும் நல்லெண்ணெய் தாராளமாகப் போதும். டாக்டர்கள் குறைக்கச் சொல்கிற நிறைவுற்ற கொழுப்பு அதிலும் ஏழில் ஒரு பங்குதான்.

இங்கேதான் ஒரு குழப்பம் வரும். சீனக் கடையில் கிடைக்கும் எள் எண்ணெயும் நம் நல்லெண்ணெயும் ஒன்றல்ல. அது எள்ளை நன்றாக வறுத்து ஆட்டியது, கரும்பழுப்பு நிறம், வாசனைக்காகச் சொட்டுக் கணக்கில் விடுவது. அதையே மூன்று மேசைக்கரண்டி ஊற்றி ஒருவர் சாலட் செய்து கொண்டு வந்தார். மண்டபமே நூடுல்ஸ் கடை மாதிரி மணத்தது, சாப்பிடத்தான் ஆள் இல்லை.

தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதோடு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதாவது பிரிட்ஜிலிருந்து எடுத்த இலைமேல் பட்டதும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பொரிக்கிற பாமாயிலும் குளிர்ந்தால் கலங்கி வாயில் பிசுபிசுக்கும். அது பொரிக்கவே இருக்கட்டும்.

3. புளிப்பைத் தேர்ந்தெடுப்பது

இங்கே கடையில் 'சுக்கா' என்று கேட்டால்தான் வினிகர் வரும். ஊரிலிருந்து புதிதாக வந்த என் தம்பி மனைவி மட்டன் சுக்காவை நினைத்துக்கொண்டு முழித்தது தனிக்கதை.

லேபிளைப் படியுங்கள். மலிவான வெள்ளைப் பாட்டில்களில் பல செயற்கை வினிகர், அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தது. ஊறுகாய்க்கும் ஜாடி கழுவவும் சரி, பச்சையாகச் சாப்பிட்டால் மூக்கைக் குத்தும் புளிப்பைத் தவிர வேறு ருசி இருக்காது. அரிசி வினிகர், ஆப்பிள் வினிகர் போலப் புளிக்க வைத்துச் செய்ததை எடுங்கள். பழகாதவர்களுக்கு அரிசி வினிகர்தான் நல்லது, புளிப்பு மென்மையாக இருக்கும்.

வினிகருக்குப் பதில் லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையின் சாறும் நன்றாக இருக்கும். என் கைக்கு அதுதான் அதிகம் வரும், பாசாரில் மீன் வாங்கும்போதே ஒரு பிடி வாங்கிவிடலாம். ஆனால் சாறு பிழிந்த அன்றே தீர வேண்டும், மறுநாள் கசந்துவிடும். விதையையும் வடிகட்டிவிடுங்கள்.

4. முதலில் இலை, அப்புறம்தான் டிரெஸ்ஸிங்

நிறையப் பேர் டிரெஸ்ஸிங்கைச் செய்து வைத்துவிட்டு இலையைக் கழுவப் போகிறார்கள். அப்போது இலை உலர நேரம் இருக்காது, 'பரவாயில்லை' என்று ஈரத்தோடே கலந்துவிடுவார்கள். ஆகவே சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே இலை வேலையை முடித்துவிடுங்கள்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இலையை அதில் மூழ்க விட்டு அலசுங்கள். பிறகு இலையைக் கையால் மேலே தூக்கி எடுங்கள், தண்ணீரைச் சாய்த்து வடிக்காதீர்கள். வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் இலைமேலேயே விழும். கேமரன் மலையிலிருந்து வரும் சலாட் இலையின் மடிப்புகளில் மண் ஒளிந்திருக்கும், குறைந்தது இரண்டு தண்ணீர்.

இனி உலர்த்துவது. ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்தோம். 200 கிராம் இலை, கழுவி உதறிய பிறகு 250 கிராமைத் தாண்டியது. அந்த 50 கிராமும் வெறும் தண்ணீர். நாம் ஊற்றப்போகிற டிரெஸ்ஸிங் மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்! பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த டிரெஸ்ஸிங் எப்படி ருசிக்கும்? எண்ணெயும் ஈரத்தில் ஒட்டாமல் வழுக்கி அடியில் போய்க் குளம் கட்டும்.

மேசைமேல் பரப்பி வைத்து உலர்த்தலாம் என்று பார்த்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீர் போவதற்குள் இலை வாடிவிடும். பருத்தித் துண்டில் ஒரு வரிசையாகப் பரப்பி, பாய் சுருட்டுவது போலத் தளர்வாகச் சுருட்டி, பிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குளிரில் இலை மொடமொடப்பாகும்.

வெள்ளரிக்காய் போடுவதென்றால் நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, கால் மணி நேரம் வடிதட்டில் வைத்து, விட்ட நீரை ஒற்றி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நீரைப் பிறகு சாலட்டுக்குள்ளேயே விடும். அந்த உப்பையும் கணக்கில் வைத்து டிரெஸ்ஸிங் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள்.

5. வினிகரில் உப்பு

பாட்டிலில் முதலில் போக வேண்டியது வினிகர். அதில் உப்பையும் தேனையும் போட்டு, உப்பு முழுக்கக் கரையும்வரை குலுக்குங்கள். கண்ணாடிப் பாட்டில் கேட்பது இதற்குத்தான், அடியில் உப்புத் துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கலாம்.

உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையவே கரையாது. எண்ணெயில் முதலில் போட்டால் ஒவ்வொரு துகளையும் எண்ணெய் போர்த்திக்கொள்ளும், அப்புறம் வினிகரை ஊற்றினாலும் எளிதில் கரையாது. ஒரு வாய் சப்பென்றும் அடுத்த வாய் உப்பு கரிப்பதும் இதனால்தான். அதைவிட மோசம், முதல் வாய் சப்பென்று இருந்ததும் 'உப்பு பத்தல' என்று மேலே இன்னும் தூவுவார்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இது விளையாட்டில்லை.

6. கடுகு: சேர்த்து வைப்பது இதுதான்

எண்ணெயும் வினிகரும் எவ்வளவு குலுக்கினாலும் சற்று நேரத்தில் பிரிந்துவிடும். நடுவில் நின்று இரண்டையும் பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். கடுகின் தோலில் உள்ள வழவழப்பான பொருள் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு, அவை மறுபடி ஒன்றுசேராமல் கொஞ்ச நேரம் தடுக்கும். தேன் கலவையைக் கெட்டியாக்கிப் பிரிவதை மெதுவாக்கும். அரைத் தேக்கரண்டி தேன் நான்கு பேருக்கு, ஒருவர் பங்குக்கு ஒரு கிராம்கூட இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், குலுக்கியதும் ஊற்றினால் போதும்.

பாட்டிலில் வரும் கடுகு விழுது இருந்தால் நேராகப் போடலாம், ஆனால் அதில் ஏற்கெனவே உப்பு உண்டு. வீட்டுக் கடுகைப் பொடித்துப் போடுவதானால் ஒரு நுணுக்கம்: பொடியை முதலில் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள், பிறகு வினிகரில் சேருங்கள். கடுகின் காரம் பொடிக்குள் தயாராக இல்லை, தண்ணீர் பட்ட பிறகுதான் ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. முதலிலேயே அமிலத்திலோ கொதிநீரிலோ போட்டால் அந்த நொதி முடங்கிப்போகும், கசப்பு மட்டும் மிஞ்சும். 'கடுகு போட்டேன், கசக்குது' என்று வந்தவர்களைக் கேட்டுப் பார்த்தால் நேராக வினிகரில் கொட்டியிருப்பார்கள்.

7. கடைசியில் எண்ணெய்

இப்போது எண்ணெயை ஊற்றி, மிளகுத்தூளையும் போட்டு, மூடியை இறுக்கி, இருபது எண்ணும்வரை பலமாகக் குலுக்குங்கள். தெளிவாக இருந்தது கலங்கி, மோர் மாதிரி திக்காக வந்தால் சரி. அப்படி வரவில்லை என்றால் பாட்டில் ரொம்பச் சின்னது என்று அர்த்தம், பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் உள்ளே அலைய இடம் இருக்காது.

மிக்சியில் போட்டு அடிக்காதீர்கள். முதல் பிழிவு ஆலிவ் எண்ணெயை வேகமாகச் சுழலும் பிளேடில் அடித்தால் கசப்பு வெளியே வந்துவிடும். என் முதல் ஜாடி முழுவதும் அப்படித்தான் போனது, நான் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் ஒரு தொடக்கம்தான். லிமாவ் சாறு, அரிசி வினிகர் என்றால் இரண்டுக்கு ஒன்றுகூட வைக்கலாம், எண்ணெயும் மிச்சம். வல்லாரைக்கு, பாசாரில் பெகாகா என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள், இலையிலேயே துவர்ப்பு இருப்பதால் மூன்றுக்கு ஒன்றும் தேனும் வேண்டும்.

8. இலையில் தொட்டு ருசி பார்ப்பது

கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தால் எந்த டிரெஸ்ஸிங்கின் புளிப்பையும் தாங்க முடியாது. உடனே எண்ணெய் கூட்டுவார்கள், கடைசியில் சாலட் எண்ணெயில் மிதக்கும். ஓர் இலையைத் தோய்த்து, உதறி, சாப்பிட்டுப் பாருங்கள். சோற்றோடு சாப்பிட வேண்டிய குழம்பை வெறும் வாயில் குடித்துவிட்டு உப்பு ஜாஸ்தி என்கிற கதைதான் இதுவும்.

புளிப்பு தூக்கலா? ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது சில சொட்டுத் தேன். தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் வழிகிற மாதிரி இருந்தால் வினிகரைக் கூட்டுவதற்கு முன் ஒரு சிறு சிட்டிகை உப்பைச் சில சொட்டு வினிகரிலேயே கரைத்துச் சேருங்கள், பாதி நேரம் குறை உப்பில்தான் இருக்கும்.

9. கலப்பது, அதுவும் சாப்பிட உட்காரும்போது

இலையைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, டிரெஸ்ஸிங்கில் பாதியை மட்டும் பாத்திரத்தின் ஓரமாகச் சுற்றி ஊற்றி, கையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். நடுவில் கொட்டினால் அந்த இடத்து இலை மட்டும் குளிக்கும். எல்லா இலையும் லேசாகப் பளபளத்தால் நிறுத்திவிடுங்கள். மீதி எப்போதாவதுதான் தேவைப்படும்.

முன்கூட்டியே கலந்து வைத்தால் வாடிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும், பழியை வினிகர்மேல் போடுவார்கள். உண்மையில் இலையின் மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது, அது தண்ணீரைத் தள்ளிவிடும். எண்ணெயோ அந்த மெழுகைத் தாண்டி உள்ளே போய்விடும், அதனால் வாட்டுவதில் எண்ணெய்தான் முந்தி. ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் டிரெஸ்ஸிங்கைத் தனிக் குப்பியில் கொண்டு போங்கள்.

10. உடம்புக்கு என்ன கணக்கு

இந்த அளவில் ஒருவர் பங்கு ஒரு மேசைக்கரண்டி. அதில் சுமார் 10 கிராம் கொழுப்பு, 90 கலோரி, 150 மில்லிகிராம் சோடியம். கலோரி அத்தனையும் எண்ணெயிலிருந்து வருவது, ஒரு மேசைக்கரண்டி வினிகரில் நான்கைந்து கலோரிகூடத் தேறாது. ஒரு ரொட்டி சானாய், அதாவது இந்த ஊர்ப் பரோட்டா, ஏறக்குறைய 300 கலோரி என்பதோடு வைத்துப் பாருங்கள். ஆனால் அளக்காமல் ஊற்றினால் சாலட்டே ரொட்டி சானாயை எட்டிவிடும்.

ஆலிவ் எண்ணெய் என்றால் உங்கள் பங்கில் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம் போல. அதே அளவு தேங்காய் எண்ணெய் என்றால் எட்டு கிராம். ஆலிவ் எண்ணெயிலிருந்து வைட்டமின் இ ஒன்றரை மில்லிகிராம் கிடைக்கும், ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கு.

'அப்ப எண்ணெயே இல்லாம சாப்பிடலாமே' என்று கேட்பார்கள். கேரட், தக்காளி, கீரையில் உள்ள கரோட்டீன் வகைகள் கொழுப்பில் கரைபவை. 2004இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆட்களுக்கு ஒரே சாலட்டைக் கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங்கோடும் கொழுப்புள்ளதோடும் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். கொழுப்பில்லாததில் அந்தச் சத்து உடம்பில் சேர்ந்ததற்கான அடையாளமே ஏறக்குறைய இல்லை. கடையில் 'கொழுப்பு இல்லை' என்று விற்பதை வாங்கினால் அந்த இடத்தைச் சர்க்கரையும் மாவும் நிரப்பியிருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. அதனால் வினிகர் சர்க்கரையைக் குறைக்குமா என்ற கேள்வி வராத வாரம் இல்லை. சோறு, ரொட்டி போன்ற மாவுச்சத்தோடு வினிகர் சேர்ந்தால், சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை ஓரளவு குறைவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஓரளவுதான். மாத்திரைக்குப் பதிலாக வினிகரை நம்பாதீர்கள், காலையில் வெறும் வயிற்றில் அப்படியே குடிக்கவும் வேண்டாம், பல்லின் மேற்பூச்சு கரையும், தொண்டையும் எரியும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புளிப்பைப் பாதியாக்குங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும்.

11. சாலட்டைத் தாண்டி

வேகவைத்த கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும் இந்த டிரெஸ்ஸிங்குக்கு இலையைவிடப் பொருத்தம் என்பது என் எண்ணம். இதில் வரிசை நேர்மாறு: சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே இழுக்கும். ஆறிய பிறகு ஊற்றினால் மேலேயே நிற்கும். கொண்டைக்கடலையோடு நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, கொஞ்சம் புங்கா காந்தான் என்கிற இஞ்சிப்பூ பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டால் சுண்டலுக்கு மாற்றாக இருக்கும்.

மீன், கோழி ஊறவைக்கவும் ஆகும். மீனை இருபது நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், அமிலம் சதையை வெளியிலிருந்தே வெந்தது போல ஆக்கிச் சுண்ணாம்பாக உதிர வைக்கும். கோழிக்கு இரண்டு மணி நேரம், பிரிட்ஜில். ஊறிய பச்சைச் சாற்றை எடுத்து மறுபடி சாலட்டில் ஊற்றுவதை ஒருவர் செய்யப் பார்த்தேன். கூடவே கூடாது.

12. எடுத்து வைப்பது

எண்ணெய், வினிகர், உப்பு, கடுகு, தேன் மட்டும் என்றால் பிரிட்ஜில் ஒரு வாரம் தாராளம். ஆலிவ் எண்ணெய் குளிரில் கலங்கிக் கட்டியாகும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். கால் மணி நேரம் வெளியில் வைத்தால் இளகும், மறுபடி குலுக்கிக்கொள்ளலாம்.

பூண்டு, வெங்காயம், பச்சை மூலிகை சேர்த்தால் மூன்று நாள், அதுவும் பிரிட்ஜில். பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு, அதை நிறுத்துங்கள். பூண்டில் மண்ணிலிருந்து வந்த பொட்டுலிசம் கிருமியின் விதைத்துகள் இருக்கலாம், எண்ணெய்க்குள் காற்று போகாது, காற்றில்லாத இடம்தான் அதற்கு வேண்டும். கனடாவின் வான்கூவரில் 1985இல் எண்ணெயில் போட்ட பூண்டால் முப்பத்தாறு பேர் நச்சுக்கு ஆளானார்கள். அந்த நச்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது, முகர்ந்து பார்த்துத் தப்பிக்க வழியில்லை. பூண்டு வாசனை வேண்டுமென்றால் ஒரு பல்லைத் தட்டி, கலக்கும் பாத்திரத்தின் உட்புறம் தேய்த்துவிட்டு எறிந்துவிடுங்கள்.

பாட்டிலின் மூடி தகரம் என்றால் உள்பக்கம் அவ்வப்போது பாருங்கள். பூச்சு உரிந்து துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தால் பிளாஸ்டிக் மூடிக்கு மாற்றிவிடுங்கள்.